ஏழாவது கோரிக்கை

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு டிடிபி கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். கண்ணாடிக் கதவில் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான்காக மடித்த நோட்டுத்தாளை விரித்துவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டைப் அடித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். திரையைப் பார்த்தபடியே விரல்கள் ஓடின. வாய்க்கால் தூர்வாருவதில் தொடங்கி தெருவிளக்கு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரிக்கு நிரந்தர டாக்டர் என்று மொத்தம் பதினோரு கோரிக்கைகள். எல்லாம் முடிந்து பிரிண்ட் கொடுக்கப்போகும் நேரத்தில் பெரியவர் சொன்னார்: "அம்மிணி, அந்த ஆளியாத்துத் தண்ணி விஷயத்த மூணாவதாப் போட்டுரு. கடைசீல கெடந்தா யாரு படிப்பாங்க?"

அவர் சொன்னது நியாயம். சித்தூர்ப் புழைக்கு ஆளியாற்றிலிருந்து வரவேண்டிய தண்ணீர்தான் அந்த மண்ணின் உயிர். 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும். அதைப் பதினோராவதாக எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தப் பெண் கடைசிப் பத்தியை வெட்டி மேலே ஒட்டினார். பிறகுதான் வேலை தொடங்கியது. பழைய 3-ஐ அழித்து 4 என்று அடித்தார். 4-ஐ அழித்து 5. 5-ஐ அழித்து 6. 6-ஐ அழித்து 7. அப்போது போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பியவர் கண்ணில் ஏற்கெனவே ஒரு 7 இருந்தது. அது மாற்றியதா, மாற்ற வேண்டியதா என்று யோசிக்க நேரமில்லை. அதற்கடுத்த 8-ஐ 9 ஆக்கினார், 9-ஐ 10 ஆக்கினார், 10-ஐ 11 ஆக்கினார். மனுவில் இப்போது இரண்டு ஏழுகள். எட்டே இல்லை. மூன்று பிரதி பிரிண்ட் எடுத்த பிறகுதான் நான் கவனித்தேன். சொன்னேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, "நம்பர்ல என்னங்க இருக்குது, விஷயந்தானுங்க முக்கியம்" என்றார்.

நம்பரில் இருக்கிறது. எல்லையோரத் தமிழர்களுக்கு மற்ற யாரையும்விடக் கூடுதலாகவே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு விலை கொடுத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இடுக்கிப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தவர்களுக்காக மனு எழுதிக் கொடுத்தேன். அழகாக இருக்கட்டும் என்று கோரிக்கைகளுக்கு அ, ஆ, இ என்று வரிசை போட்டேன். முதலாவது, அதாவது (அ), குடிநீர்த் தொட்டி. ஏழாவது, அதாவது (எ), மழைக்காலத்தில் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு இறங்க ஒரு பாதை. அவர்கள் மனதில் முதலாவதாக இருந்தது அந்தப் பாதைதான். என் வரிசையில்தான் அது ஏழாவதாகிவிட்டது. சில மாதம் கழித்து மலையாளத்தில் பதில் வந்தது. ‘எ’ இனத்துக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது, மற்றவை பரிசீலனையில் உள்ளன என்பது அதன் சாரம். மலையாளம் படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் வாசித்துச் சொன்னான். என் தமிழ்ப் பிரதியை எடுத்து (எ) எங்கே என்று பார்த்தோம். பாதை! அன்று அந்த லயத்தில் பாயசம் வைத்தார்கள்.

பாதை வரவில்லை. அனுமதி கிடைத்தது தொட்டிக்கு. ஆங்கிலத்தின் ஏ, பி, சி-யை மலையாள அலுவலகக் கடிதங்களில் ‘எ’, ‘பி’, ‘சி’ என்றுதான் எழுதுவார்கள். என் மனுவை மலையாளத்தில் பெயர்த்தவர் (அ)-வை அவர்கள் வழக்கப்படி ‘எ’ ஆக்கியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அவர்களுடைய எ முதலாவது, நம்முடைய எ ஏழாவது. எழுத்தை நம்பி வரிசை போட்ட நான்தான் அதை யோசித்திருக்க வேண்டும். 1, 2, 3 என்று போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

எல்லை தாண்டும் எண்

இந்த எல்லைப் பகுதியின் கதை வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து ஒன்றாகச் சேர்ந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு வேண்டும் என்று நடந்த போராட்டம் பலிக்கவில்லை. 1972-இல் இடுக்கி தனி மாவட்டமானது. இன்றும் மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, குமுளி வழியாகவும், அந்தப் பக்கம் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகவும் நடந்தால் வீட்டுக்குள் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று வாழும் குடும்பங்களைப் பார்க்கலாம்.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கென்று தனி இடம் உண்டு. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களின் அலுவலகங்களுக்கும் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு இன்னும் அடிப்படையானது. குறையைச் சொல்லி மனுக் கொடுக்கும் எவரும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அது.

ஆனால் ஒரு தமிழ் மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும்போது எத்தனை பேர் அதைத் தமிழாகவே படிப்பார்கள்? ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் சுருக்கம் எழுதுவார், மூன்றாமவர் அந்தச் சுருக்கத்தை வைத்துக் குறிப்பு எழுதுவார். கடைசியில் கையெழுத்துப் போடுபவர் பார்க்கும் தாளில் நம் வாக்கியம் ஒன்றுகூட இருக்காது. மாறாமல் போய்ச் சேர்வது எண் ஒன்றுதான். தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி எண் வடிவங்கள் இருந்தன. இரண்டு மொழிகளும் அன்றாட வழக்கில் அவற்றைக் கைவிட்டு 1, 2, 3 என்ற ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. இன்று அந்த இரண்டு எழுத்து முறைகளும் சந்திக்கும் ஒரே இடம் எண்தான். கொழிஞ்சாம்பாறைக்காரர் தமிழில் எழுதிய 7, திருவனந்தபுரத்திலும் 7.

அகரவரிசைகூட இந்த வேலைக்கு உதவாது. அ முதல் ஊ வரை இரண்டு மொழிகளும் ஒன்றாக நடக்கின்றன. ஏழாவது இடத்தில் தமிழில் எ வருகிறது, மலையாள நெடுங்கணக்கில் ரு-வை ஒத்த உயிரெழுத்து ஒன்று வந்து உட்கார்கிறது. க, ங, ச என்று மெய்வரிசையில் போட்டாலும் தமிழில் இரண்டாவதாக நிற்கும் ங, மலையாளத்தில் ஐந்தாவது.

நெல் அளப்பவர் வாயில்

இனி அந்தக் கடையில் நடந்ததற்கு வருகிறேன். எண்ணைக் கையால் அடிப்பது வேறு, எண் போடும்படி சொற்செயலியிடம் சொல்வது வேறு. கையால் அடித்த 7 ஓர் எழுத்து, அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள ‘வாய்க்கால்’ என்ற சொல் எப்படியோ அப்படியே அதுவும் அங்கே கிடக்கும். பத்தியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் 7 என்றே இருக்கும். சொற்செயலி போட்ட 7 அப்படியல்ல, அது ஓர் எண்ணிக்கை. களத்தில் நெல் அளப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார், பிறகு இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே போவார். எண் நெல்லில் ஒட்டியிருப்பதில்லை, அளப்பவர் வாயில் இருக்கிறது. எந்தக் குவியலை முன்னால் அளந்தாலும் அவர் சொல்லும் வரிசை தவறாது.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. வேர்டிலோ லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ ஒரு பட்டியலைத் திறந்து, எண்ணின் மேல் ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். அந்தப் பட்டியலின் எண்கள் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறமானால் அது சொற்செயலி போட்ட எண். கர்சர் 7-க்கும் புள்ளிக்கும் நடுவில் போய் நின்றால் யாரோ கையால் அடித்தது. டைப் அடிப்பவர்களிடம் வாங்கும் எந்த ஃபைலையும் நான் முதலில் இப்படித்தான் பார்க்கிறேன்.

லிப்ரே ஆபீஸில் எஃப்12 பட்டனை அழுத்தினால் எண் வரும். ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் எண்ணுக்குப் பதில் புள்ளி வரும். என்டர் தட்டினால் அடுத்த எண். ஒரே கோரிக்கைக்குள் புது வரி வேண்டும், எண் வேண்டாம் என்றால் ஷிஃப்ட் என்டர். நம் கடைகளில் பலருக்கும் தெரியாத சாவி இதுதான். இது தெரியாததால் எண் வரும், அதை அழிப்பார்கள், பட்டியல் உடையும், அடுத்த கோரிக்கை மறுபடி 1 என்று தொடங்கும். "கம்ப்யூட்டர் தானா நம்பர் போட்டுக் கெடுக்குது" என்று அந்த வசதியையே நிறுத்திவிட்டுக் கையால் அடிக்க ஆரம்பிப்பார்கள். கோபம் புரிகிறது. ஆனால் பட்டியல் உடைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரு என்டர்தான். உடைந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. எண்ணின் மேல் வலது கிளிக் செய்தால் முந்தைய பட்டியலோடு தொடரவும் புதிதாக 1-லிருந்து தொடங்கவும் வழி இருக்கிறது.

ஒரு கோரிக்கைக்குக் கீழே உட்கோரிக்கை வேண்டுமென்றால், வரித் தொடக்கத்தில் டேப் அழுத்தினால் ஒரு படி உள்ளே போகும். ஷிஃப்ட் டேப் அழுத்தினால் வெளியே வரும். வேர்டில் இப்படி ஒன்பது படி போகலாம், ரைட்டரில் பத்து. மனுவில் இரண்டு படிக்கு மேல் போகாதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. ‘மேலே 4-ஆம் கோரிக்கையில் சொன்னபடி’ என்று எழுதும் இடத்தில்தான் மிகப் பெரிய பலன் இருக்கிறது. அந்த 4-ஐக் கையால் அடிக்காமல் குறுக்குக் குறிப்பாகச் சேர்த்தால், பட்டியல் மாறும்போது, புதுப்பித்தவுடன் அதுவும் மாறும். கையால் அடித்தால் பட்டியல் சரியாகவே இருந்தாலும் பேச்சு மட்டும் பழைய 4-இலேயே நின்றுவிடும். வக்கீல் ஆபீஸ்களில் வாரக்கணக்கில் தலைவலி கொடுக்கும் தவறு இது.

ய, டி, உ, ன

நம் டைப் செய்பவர்கள் தானியங்கி எண்ணை நம்பாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை அவர்கள் மேல் ஏற்றுவது அநியாயம். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் டிடிபி நடந்தது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில். அவற்றில் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஆங்கில எழுத்துதான், திரையில் தெரிவதுதான் தமிழ். அப்படி ஒரு ஃபைலில் ஏ, பி, சி, டி என்று தானியங்கி வரிசை போட்டுப் பாருங்கள். எண்ணும் அந்தப் பத்தியின் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். பாமினியில் ஏ-யின் இடத்தில் ய இருக்கிறது, பி-யின் இடத்தில் டி, சி-யின் இடத்தில் உ, டி-யின் இடத்தில் ன. முதல் கோரிக்கை ய), இரண்டாவது டி), மூன்றாவது உ), நான்காவது ன) என்று வரும். இதைக் கண்ட எவரும் மறுபடி அந்தப் பட்டனைத் தொடுவாரா? கையால் அடிக்கும் பழக்கம் சோம்பலில் பிறந்ததல்ல, இந்த அனுபவத்தில் பிறந்தது.

யூனிகோட் வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. தமிழுக்கு உள்ள இன்னொரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது. வேர்ட் ஃபைல்களின் அமைப்பை விவரிக்கும் ஈசிஎம்ஏ-376 என்ற தரநிலை 2006-இல் வெளிவந்தது. பட்டியலுக்கு எந்தெந்த எழுத்தில் வரிசை போடலாம் என்று அதில் நீண்ட அடுக்கு ஒன்று உண்டு. இந்தி உயிர், இந்தி மெய், இந்தி எண், தாய்லாந்து எழுத்து, ஹீப்ரு, கொரிய எழுத்து, வியட்நாமிய எண்ணுப்பெயர் எல்லாம் இருக்கின்றன. தமிழ் இல்லை. பட்டியலே ஒரு மொழியின் பழக்கம் என்றால், தமிழுக்கு அந்தப் பழக்கம் புதிதா என்ன? மூன்று மூன்றாக அடுக்கிச் சொல்லத் திரிகடுகம், ஐந்தைந்தாக அடுக்கச் சிறுபஞ்சமூலம், ஆறாறாக அடுக்க ஏலாதி என்று நூலே செய்த மொழி இது. நம் தாத்தாக்களின் கணக்கு நோட்டில் ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்ற ஒரே குறி இருந்தது, ‘எண்’ என்பதற்கு ௺ இருந்தது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. இவை எல்லாம் யூனிகோடில் ஏறிவிட்டன. இணையப் பக்கங்களுக்கான விதிகளிலும் தமிழ் எண்வரிசைக்கு இடம் கிடைத்திருக்கிறது. சொற்செயலியில் அ, ஆ, இ வரிசை போட மட்டும் நாம் இன்னும் கையால் அடித்துக்கொண்டிருக்கிறோம். லயத்துப் பாதை விஷயத்தில் எனக்கு நேர்ந்ததை வைத்து, மனுவில் அ, ஆ, இ வேண்டாம் என்றுதான் நான் சொல்கிறேன். ஆனால் பாடப்புத்தகத்தில், சங்கத்தின் விதிமுறைகளில், சிறுவர்களின் வினாத்தாளில் அது வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது.

நிற்கும் எண், ஓடும் எண்

தானாக மாறும் எண் எப்போதும் நல்லதா? இல்லை. இதைப் பேசாமல் போனால் கட்டுரை பாதிதான்.

லயங்களில் போய் உட்கார்ந்தால் மக்கள் கேட்பது இதுதான்: "வீட்டு லிஸ்ட்ல நம்ம நம்பர் எத்தனை அண்ணே?" கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டமாக இருக்கட்டும், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டாக இருக்கட்டும், அங்கே எண் என்பது ஒருவரின் பெயர்போல. 143 என்றால் அது அந்தக் குடும்பத்தைக் குறிக்கும். அப்படி ஒரு பட்டியலில் தானியங்கி எண் போட்டுவைத்து, 12-ஆவது பெயரை யாராவது நீக்கினால், அதற்குக் கீழே உள்ள அத்தனை பேரும் ஓர் இடம் நகர்ந்துவிடுவார்கள். பழைய நகலைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு அவள் எண்ணில் வேறொருவர் பெயர் தெரியும். அவள் என்ன நினைப்பாள்? இப்படிப்பட்ட பட்டியலில் எண்ணைத் தனிக் கட்டத்தில் கையால் அடித்து வைப்பதே முறை. நீக்கிய பெயரின் இடம் காலியாக இருக்கட்டும், எண் மட்டும் அப்படியே நிற்கட்டும்.

சட்டம் எழுதியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழி கற்பிக்க வசதி வேண்டும் என்று சொல்லும் பிரிவு அரசியல் சட்டத்தில் முதலில் இல்லை. 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம்தான் அதைச் சேர்த்தது. 350-க்கும் 351-க்கும் நடுவில் அதை நுழைக்க வேண்டியிருந்தது. 351-ஐ 352 ஆக்கி, 352-ஐ 353 ஆக்கி, நம் டிடிபி கடைப் பெண்போல் கடைசி வரை மாற்றியிருந்தால் அதுவரை வந்த தீர்ப்புகளும் ஆணைகளும் கடிதங்களும் தவறான பிரிவைச் சுட்டியிருக்கும். அதனால் 350ஏ என்று ஓர் எண்ணைப் படைத்தார்கள், மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அதிகாரிக்கு 350பி. இந்திப் பதிப்பில் அதே பிரிவு 350-உடன் அவர்களுடைய க எழுத்தைச் சேர்த்து வழங்குகிறது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 1956 நவம்பர் 1. கேரளம் பிறந்த அதே நாள். மூணாற்றிலும் சித்தூரிலும் தமிழ்வழிப் பள்ளி நடக்க வழிசெய்த வரி, ஒரு பட்டியலின் நடுவில் பழைய எண் எதையும் அசைக்காமல் செருகப்பட்ட வரி.

மனுவுக்கும் இதே நியாயம்தான். எழுதிக்கொண்டிருக்கும் வரை எண்கள் ஓடட்டும், மேலே தூக்குங்கள், கீழே இறக்குங்கள், சொற்செயலி பார்த்துக்கொள்ளும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிமிடம் முதல் அந்த எண்கள் நிற்க வேண்டும். பிடிஎஃப் ஆக்கி ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். நினைவூட்டுக் கடிதம் எழுதும்போது பழைய எண்களையே சொல்லுங்கள். மலையாளப் பிரதி சேர்த்துக் கொடுத்தால் இரண்டிலும் அதே எண் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

புள்ளிகளைப் பற்றி

எண்ணுக்குப் பதில் கரும்புள்ளி வைக்கும் வழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது. 2024-இல் வாட்ஸ்அப்பும் புள்ளிப் பட்டியலையும் எண் பட்டியலையும் கொண்டுவந்த பிறகு சங்கக் குழுக்களின் அறிவிப்புகளிலும் புள்ளிகள் நிறைகின்றன. திருவிழாவுக்குக் கொண்டுவர வேண்டிய பொருட்களுக்குப் புள்ளி போதும். ஒருவர் பதில் சொல்ல வேண்டிய எதற்கும் புள்ளி வைக்காதீர்கள். புள்ளிக்குப் பெயர் இல்லை. ‘நாலாவது புள்ளி’ என்று எண்ணிப் பார்த்துப் பதில் எழுத எந்த அலுவலருக்கும் நேரம் இருக்காது.

புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி என்று போனால் இன்னும் மோசம். 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைப் பலிகொண்ட கொலம்பியா விண்ணோட விபத்தை நாம் மறக்கவில்லை. புறப்படும்போது நுரைத் துண்டு ஒன்று கழன்று இறக்கையில் மோதியது. ஓடம் வானில் இருந்தபோதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து ஒரு திரைப்பக்கம் தயாரித்தார்கள். படிப்படியாக உள்ளே இறங்கும் புள்ளிகள். மேலே பெரிய எழுத்தில் இருந்தது ஆறுதல் தரும் தலைப்பு. சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதிய துண்டு 1920 கன அங்குலம் என்ற உண்மை, அதாவது 640 மடங்கு என்ற உண்மை, அடியில் சின்னப் புள்ளி ஒன்றின் பக்கத்தில் கிடந்தது. எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் அந்தப் பக்கத்தை வரி வரியாக ஆராய்ந்து எழுதினார். விபத்தை விசாரித்த குழுவும் தன் அறிக்கையில் அதைச் சுட்டிக்காட்டியது. ஆளியாற்றுத் தண்ணீரைக் கடைசியில் போடாதே என்று கொழிஞ்சாம்பாறைப் பெரியவர் சொன்னதும் இதையேதான்.

பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பலம் என்பதை மூணாற்றுப் பெண்கள் காட்டினார்கள். 2015 செப்டம்பரில் பெண்பிள்ளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தத் தேயிலைத் தொழிலாளிகள் சாலையில் உட்கார்ந்தபோது அவர்கள் வாயில் இரண்டு எண்கள்: போனஸ் 20 சதவீதம், நாள் கூலி 500 ரூபாய். தமிழ் தெரியாத நிருபருக்கும் அது புரிந்தது, மலையாளம் தெரியாத பாட்டிக்கும் அது மனப்பாடம். போனஸ் 8.33 சதவீதமும் கருணைத் தொகை 11.67 சதவீதமுமாகச் சேர்த்து 20-ஐ வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கூலி 500 கிடைக்கவில்லை. ஆனால் எதைக் கேட்டார்கள், எது கிடைத்தது, எது பாக்கி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தம்பி, டேபை அழுத்து

நம்பிக்கை தருவது பள்ளிக்கூடம்தான். 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய கேரளத் திட்டம், பள்ளிக் கம்ப்யூட்டர்களைக் கட்டற்ற மென்பொருளில் நிறுத்தியது. அங்கே பிள்ளைகள் படிப்பது லிப்ரே ஆபீஸ் ரைட்டர். காசு கொடுத்து வாங்க வேண்டாம், திருட்டுப் பிரதியும் வேண்டாம். பாடப்புத்தகம் தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. தலைப்புக்குப் பாணி அமைப்பது, அதிலிருந்து பொருளடக்கம் எடுப்பது எல்லாம் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே வந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கம் கல்லூரி முடித்துவரும் பலருக்கு இது தெரிவதில்லை.

மலைமேல் ஒரு தமிழ்வழிப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். வெளியே மூடுபனி, உள்ளே இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். சுற்றுச்சூழல் மன்றத்தின் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் 1 அடித்து, புள்ளி வைத்து, இடைவெளிப் பட்டனை ஏழெட்டுத் தடவை தட்டி, அடுத்த வரியை மேல் வரிக்கு நேராகக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தான். வரி நேராகவில்லை, ஓர் எழுத்து அகலம் தள்ளியே நின்றது. டீச்சர் பின்னால் வந்து நின்றார். "தம்பி, எல்லாத்தையும் அழி. எஃப்12 தட்டு. இப்ப எழுது." எழுதினான். என்டர் தட்டினான். 2 தானாக வந்தது. அதற்கடுத்த வரியில் டேப் அழுத்தச் சொன்னார். வரி உள்ளே நகர்ந்து தனக்கென்று புது எண்ணோடு நின்றது. அவன் பக்கத்தில் இருந்த சிறுமி, "டீச்சர், இப்ப மூணாவத மேல தூக்கினா?" என்று கேட்டாள். "தூக்கிப் பாரு" என்றார். தூக்கினாள். எண்கள் தாமாக மாறின. மாறியதும் அவள் விரலால் திரையைத் தொட்டு 1, 2, 3, 4 என்று எண்ணிச் சரிபார்த்தாள். கம்ப்யூட்டர் போட்டதை நம்பிவிட்டுவிடவில்லை. அந்த விரல் எனக்குப் பிடித்திருந்தது.

அங்கிருந்து வந்த அடுத்த மாதம் கொழிஞ்சாம்பாறைக் கடைக்கு மறுபடி போனேன். அதே பெண், அதே ஸ்டூல். பெரியவரின் ஃபைல் இன்னும் கம்ப்யூட்டரில் இருந்தது. கையால் அடித்த எண்களை அழித்துவிட்டு, பதினோரு பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து எண்ணிட்ட பட்டியலாக மாற்றிக் காட்டினேன். ஒரு பத்தியைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்தினோம். "இது தெரியாம எத்தன நாளுங்க அடிச்சிருக்கேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. உடனே வேறொரு மனுவைத் திறந்து தானே செய்து பார்க்கத் தொடங்கினார்.

சிறிது நேரத்தில் பெரியவரும் வந்தார், கொடுத்த மனுவுக்குப் பதில் வந்திருக்கிறதாம். கவரைப் பிரித்துத் தாளை மேஜைமேல் வைத்தார். மலையாளம். அந்தப் பெண் வாசித்துத் தமிழில் சொன்னார்: 3-ஆம் கோரிக்கை பாசனப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது, 7-ஆம் கோரிக்கை பஞ்சாயத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. பெரியவர் சட்டைப்பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார். மூன்றில் விரலை வைத்தார், ஆளியாறு. தலையசைத்துக்கொண்டார். விரல் கீழே இறங்கி ஏழில் நின்றது, அடுத்த ஏழுக்கும் போனது. முதல் ஏழு ரேஷன் கடை. இரண்டாவது ஏழு தெருவிளக்கு.

"இதுல எதுங்க அம்மிணி?" என்றார்.